கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதற்கு முன்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீட்டில் நம் தரை இன்னொருவருக்கு உட்கூரை. அதனால் இங்கே வீட்டுப் பராமரிப்பு என்பதில் பெரும்பங்கு தண்ணீரைக் காவல் காப்பதுதான். மற்ற பழுதுகள் நம்மைத் தொந்தரவு செய்யும். தண்ணீர் கீழ்வீட்டையும் சேர்த்துத் தொந்தரவு செய்யும்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியது, வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்பது. பெரும்பாலான புளோக்குகளில் அது வாசலுக்கு வெளியே மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். வீட்டில் உள்ள எல்லாருக்கும் காட்டிவையுங்கள். ஆண்டுக்கு இரண்டு தடவை மூடித் திறக்கவும். ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்ட வால்வு, தேவைப்படும் நாளில் அசையாது.

கழுவுதொட்டிக்கும் சிங்க்குக்கும் அடியில் இருக்கும் ஃபிளெக்சிபிள் ஹோஸ்களை மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே பின்னிய கம்பி துருப்பிடித்திருந்தாலோ, ஓரிடத்தில் புடைத்திருந்தாலோ அதை அன்றே மாற்றுங்கள். கம்பி அறுந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அழுத்தத்தைத் தாங்காது. ஆள் இல்லாத நேரத்தில் வெடித்தால் வீடே குளம். மாற்றுவது எளிது. ஹோஸ் தொடங்கும் இடத்தில் உள்ள ஆங்கிள் வால்வை (சிறு அடைப்பு வால்வு) மூடி, குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, பழையதைக் கழற்றுங்கள். புதியதைக் கையால் இறுக்கிய பிறகு ஸ்பேனரால் கால் சுற்று போதும். வாஷர் உள்ள முனையில் வெள்ளை டேப் சுற்ற வேண்டியதில்லை. கசிவை அடைப்பது வாஷர்தான். கால் சுற்றுக்கு மேல் இறுக்கினால் வாஷர் நசுங்கி, புது ஹோஸே ஒழுகும்.

கழிவறைத் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகுவதைக் கண்டுபிடிக்க ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போதும். தொட்டியில் கலந்து அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே பேசினில் நிறம் தெரிந்தால் ஃபிளஷ் வால்வின் ரப்பர் தேய்ந்துவிட்டது. நிறம் தெரியாவிட்டாலும் தண்ணீர்க் கட்டணம் ஏறுகிறதா? இரவு படுக்கும்போது மீட்டர் எண்ணை எழுதிவையுங்கள். இரவில் யாரும் தண்ணீர் புழங்காமல், காலையில் எண் மாறியிருந்தால் கசிவு வேறெங்கோ இருக்கிறது.

இனி கழிவறைத் தரை. ஃபுளோர் டிராப்பின் (தரையில் தண்ணீர் வடியும் துளை) மூடியைத் தூக்கி, உள்ளே இருக்கும் கிண்ணத்தை எடுத்து, முடியையும் சோப்புப் பிசுக்கையும் வாரத்துக்கு ஒருமுறை அகற்றவும். அந்தக் கிண்ணத்தைத் திரும்ப வைப்பது முக்கியம். அதில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பான்பூச்சியையும் தடுக்கிறது. சீக்கிரம் வடியட்டும் என்று கிண்ணத்தைத் தூக்கி எறிபவர்கள், பிறகு நாற்றத்துக்குக் காரணம் தேடி வாசனைத் திரவியம் வாங்குகிறார்கள்.

ஓடுகளுக்கு இடையே உள்ள கிரவுட் (இடைவெளியை நிரப்பும் சாந்து) உதிர்ந்திருந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். மறுபடி ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. ஈரத்தின் மேல் பூசினால் சில வாரங்களில் பெயர்ந்துவிடும். ஓரங்களில் போட்ட சிலிக்கோன் கறுத்துவிட்டால் அதன்மேலேயே புதிதைப் பூசாதீர்கள்; பழைய சிலிக்கோனில் புதிது ஒட்டாது. முழுவதும் உரித்தெடுத்துத் துடைத்த பின்பே பூச வேண்டும்.

கிரவுட் மட்டுமே நீர்த்தடுப்பு ஆகாது. அதற்கென்று ஓட்டுக்கு அடியில் தனிப் பூச்சு இருக்கிறது. அது தேய்ந்தால், குறிப்பாகக் குழாய்கள் தரையைத் துளைத்துச் செல்லும் இடங்களில், கீழ்வீட்டு உட்கூரையில் மஞ்சள் வட்டம் தோன்றும். இப்படிப்பட்ட கசிவுக்கு மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே பொறுப்பு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் விண்ணப்பித்தால் செலவில் பாதியை வீவக ஏற்கும். மீதியை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்வார்கள். கசிவைச் சரிசெய்யாமல் தீபாவளிக்கு அடித்த சாயம் பொங்கலுக்குள் உரிந்துவிடும். உட்கூரையில் சிமெண்ட் புடைத்து, தட்டினால் வெற்றொலி கேட்டால், உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்திருக்கலாம். அதற்கும் இதே திட்டம் உண்டு.

அடுத்தது ஏர்கான். சுவரில் தண்ணீர் சொட்டினால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஃபில்டரில் தூசி அடைத்துக் காயிலில் பனி கட்டி உருகுவது. அல்லது வடிகுழாயில் கூழ் போன்ற பாசி அடைத்துக்கொள்வது. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி நிழலில் காயவைத்தால் முதலாவது வராது. கடும் வெயிலில் காயவைத்தால் சட்டம் வளைந்து சரியாகப் பொருந்தாது. இரண்டாவதற்கு, ஏர்கானை நிறுத்திவிட்டு, வடிகுழாய் முடியும் இடத்தில் ஈரம் உறிஞ்சும் வேக்குவம் கிளீனரின் குழாயை வைத்துத் துணியால் இறுகச் சுற்றி, ஓரிரு நிமிடம் இழுக்க விடுங்கள். பாசி கட்டியாக வந்து விழும். அதே முனையிலிருந்து உள்ளே ஊதாதீர்கள், அழுக்கு திரும்ப ஏர்கானுக்குள் இருக்கும் நீர்த்தட்டுக்கே போய், தண்ணீர் படுக்கையில் கொட்டும்.

சர்வீஸுக்கு வருபவர் ‘கேஸ் (குளிரூட்டும் வாயு) குறைந்திருக்கிறது’ என்றால் உடனே காசு கொடுக்காதீர்கள். அது ஓடுவது மூடிய சுற்றில். எங்காவது கசிந்தால்தான் குறையும். கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். வெளியே தொங்கும் கம்ப்ரஸரின் தாங்குசட்டம் துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் அவரிடமே பார்க்கச் சொல்லுங்கள். எட்டிப் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம்.

ஜன்னல்களை ஆண்டுக்கு இரு முறை சோதிக்கவும். தீபாவளிக்குத் துடைக்கும் நாளையே ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிந்துவிடும். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்களின் ரிவெட்டுகள் (கீலைப் பிணைக்கும் ஆணிகள்) எவர்சில்வராக இருக்க வேண்டும். அலுமினிய ரிவெட்டுகள் எஃகுக் கீலோடு உரசி, ஈரக்காற்றில் அரித்துப்போவதால் 2004 முதல் அவற்றை மாற்றுவது சட்டப்படி கட்டாயம். மங்கிய சாம்பல் நிறமும் வெள்ளைப் பொடியும் தெரிந்தால் அவை அலுமினியம். இழுக்கும் ஜன்னல்களில் மேல், கீழ்த் தடங்களில் குப்பை இல்லாமலும், தடுப்புக் கட்டைகள் விழாமலும் இருக்கின்றனவா பாருங்கள். பராமரிக்காமல் விட்ட ஜன்னல் கீழே விழுந்தால் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

மின்சாரத்தில் நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். டிபி பெட்டியில் (சுவிட்சுகள் உள்ள மின்விநியோகப் பெட்டி) உள்ள ஆர்சிசிபியின் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) ‘டி’ பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள்; அதன் சுவிட்ச் சட்டென்று கீழே விழ வேண்டும். விழாவிட்டால் உரிமம் பெற்ற மின்னியலாளரை அழையுங்கள். அது தானாகவே விழுந்தால், சிறிய சுவிட்சுகளை எல்லாம் இறக்கி, ஆர்சிசிபியை மேலேற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்த இணைப்பில் பழுது. அதில் செருகியிருப்பதைக் கழற்றிவிட்டு மறுபடி முயலவும். வாட்டர் ஹீட்டரும் வாஷிங் மெஷினும் சந்தேகப் பட்டியலில் முதலில் வரும்.

ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் வாஷிங் மெஷின் குழாயை மூடுங்கள், ஹீட்டரை அணையுங்கள். ஃபுளோர் டிராப்பில் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு மூன்று கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. அதை ஓட்டையில்லாத மூடியால் மூடி, கழிவறைத் தொட்டியின் மூடியையும் பேசின் மூடியையும் இறக்கிவிடுங்கள். வாளிகளைக் கவிழ்த்து, பூந்தொட்டித் தட்டுகளைக் காலிசெய்து துடைக்கவும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரமே போதும். நீங்கள் போவதோ ஒரு மாதத்துக்கு.