பூச்சுக் கோன் உள்ள பழைய மிட்ரேஞ்ச் ஸ்பீக்கர்: துடைக்கும் முன் படியுங்கள்

பழைய மிட்ரேஞ்ச் (குரல் போன்ற நடுத்தர ஒலிக்கான ஸ்பீக்கர்) கைக்கு வந்ததும் பலர் ஈரத்துணியை எடுக்கிறார்கள். வேண்டாம். கோனை, அதாவது ஒலியெழுப்பும் கூம்பைச் சுற்றியுள்ள துணி விளிம்பை விரல் நுனியால் தொடுங்கள், பிசுபிசுக்கும். அது அழுக்கல்ல, வீண் அதிர்வை அடக்கத் தயாரிப்பாளரே பூசிய பசை. பல வருடம் காயாமல் இருப்பதுதான் அதன் குணம். ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் கரையும். பிறகு பாடகர் குரல் கரகரக்கும். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். வெள்ளைப் பசையை மேலே பூசாதீர்கள், எடை கூடிச் சத்தம் குறையும்.

விளிம்பு ஃபோம் என்றால் கதை வேறு. நம்மூர் ஈரப்பதத்தில் அது பொடிப்பொடியாக உதிரும்; புது வளையம் ஒட்டியே ஆகவேண்டும்.

அடுத்து மல்டிமீட்டரில் ஓம் அளவைப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) எரிந்திருக்கலாம், அல்லது முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பி அறுந்திருக்கலாம். கம்பிதான் என்றால் சால்டர் வைத்துச் சரிசெய்யலாம். பிறகு இரு கட்டைவிரலால் கோனை நேராக, மெல்ல அழுத்துங்கள். உரசல் கேட்டால் காயில் நகர்ந்திருக்கும், அல்லது அது அசையும் காந்த இடைவெளியில் துரு. அந்தப் பழுதை ஆரம்பத்திலேயே சரிசெய்யப் போக வேண்டாம்.

கெப்பாசிட்டர் இல்லாமல் ஆம்ப்ளிஃபையரில் இணைக்கவே கூடாது. பாஸ் (கனத்த ஒலி) உள்ளே போனால் காயில் போய்விடும். 8 ஓமுக்கு 800 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்ட 25 மைக்ரோஃபாரட் வேண்டும். 22-ஐயும் 3.3-ஐயும் பக்கவாட்டில் இணைத்தால் 25.3. சிங்கப்பூர் சிம் லிம் டவர் கடைகளில் 100 வோல்ட் பைபோலார் (பிளஸ், மைனஸ் பேதமில்லாத வகை) கேளுங்கள், சாதாரண எலக்ட்ரோலிட்டிக் ஆகாது. பழைய பெட்டியிலிருந்து கழற்றியதைத் திரும்பப் போடாதீர்கள், உள்ளே உலர்ந்து மதிப்பு மாறியிருக்கும்.

பின்பக்கம் திறந்த மிட்ரேஞ்சை வூஃபரோடு (பாஸ் ஸ்பீக்கர்) பெட்டியின் ஒரே அறையில் வைத்தால், வூஃபர் தள்ளும் காற்று கோனை ஆட்டும். 5 அங்குலத்துக்கு 2, 3 லிட்டர் தனி அறை கட்டி, தலையணைப் பஞ்சைத் தளர்வாக நிரப்புங்கள். பெட்டி தயாராகும்வரை ஸ்பீக்கர், கேமராவை ஈரம் படாமல் வைக்கும் டிரை பாக்ஸில் இருக்கட்டும்.

கடைசியில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு, பிளஸ் முனையைக் கண்டுபிடியுங்கள்: கோன் வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். பழைய ஜேபிஎல் கம்பெனி ஸ்பீக்கரில் சிவப்பு முனையில் பிளஸ் கொடுத்தால் கோன் உள்ளே போகும். பழுதல்ல, அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். வூஃபரோடு சேர்த்துக் கேட்கும்போது குரல் குழிந்து ஒலித்தால், மிட்ரேஞ்சின் பிளஸ், மைனஸ் வயர்களை மட்டும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.