விமானத்தில் அடைத்த செவி: ஒரு நாகசுரக் கலைஞரின் அனுபவம்

காரைக்குடியிலிருந்து திருச்சி சென்று, சிங்கப்பூர் தண்டாயுதபாணி கோயிலில் (நகரத்தார் 1859இல் எழுப்பியது) தைப்பூசத்துக்கு வாசிக்க முதன்முறை விமானம் ஏறிய நான், அது இறங்கும்போது உறங்கிவிட்டேன். விழித்தபோது வலச்செவி அடைத்து வலித்தது. மறுநாள் சுருதிப்பெட்டியின் ஒலி தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்க, சுருதி சேர்க்கத் தவித்துப்போனேன்.

பின்னர் மருத்துவர் காரணம் சொன்னார். இறங்கும்போது விமானத்தினுள் காற்றழுத்தம் உயர்கிறது. நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் குழல் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் திறக்கும் என்பதாலும், உறக்கத்தில் நாம் விழுங்குவது குறைவு என்பதாலும், செவிப்பறை உள்நோக்கி இழுபட்டு வலிக்கிறது.

இப்போதெல்லாம் இறக்கம் தொடங்கும் முன்பே எழுப்பிவிடும்படி தவில் வாசிக்கும் தம்பியிடம் சொல்லிவைத்து, தரை தொடும்வரை மிட்டாயைச் சப்பி விழுங்கிக்கொண்டிருக்கிறேன். அடைப்பு விலகாவிட்டால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மிக மென்மையாகக் காற்றைத் தள்ளுகிறேன். ஊதிப் பழகிய நம் மூச்சின் வலிமையை இங்கே காட்டவே கூடாது. சளி பிடித்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பயணம் செய்வதில்லை.

விமானக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் குறைவு. உதடு உலராமலிருக்க அவ்வப்போது நீர் அருந்துகிறேன்; நாகசுரத்தின் முனையில் பொருத்தி ஊதும் சீவாளிகளையும் மூடிய சிமிழிலேயே எடுத்துச் செல்கிறேன்.