போக்கர் ரிவரில் முதலில் பேச வேண்டியவர் செய்யும் தவறுகள்

டெக்சஸ் ஹோல்டம் போக்கர், பிளைண்ட் (சீட்டு போடும் முன் இருவர் கட்டும் கட்டாயத் தொகை) 50-100. பட்டனில் (டீலர் இடத்தில்) இருந்தவர் 250-க்கு ஏற்றினார். ஸ்மால் பிளைண்ட் (50 கட்டியவர்) ஃபோல்டு, அதாவது சீட்டைக் கைவிட்டார். பிக் பிளைண்டில் (100 கட்டிய இடத்தில்) நான் ஆர்ட்டின் ராஜாவும் ஆர்ட்டின் ஒன்பதும் வைத்துக்கொண்டு கால் செய்தேன், அதாவது அவர் அளவுக்கு நானும் போட்டேன். பாட்டில் (நடுவில் சேர்ந்த சிப்ஸில்) 550. ஃப்ளாப்பில் (எல்லாருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில்) ஸ்பேட் ராஜா, ஸ்பேட் எட்டு, டைமன் நாலு. நான் செக் செய்ய (எதுவும் போடாமல் விட), அவர் 200 போட்டார், கால் செய்தேன். டர்னில் (நாலாவது பொதுச் சீட்டில்) கிளாவர் இரண்டு. இருவருமே செக். ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டில்) ஆர்ட்டின் ஏழு விழுந்தபோது பாட்டில் 950 இருந்தது.

"அவரே போடட்டும், பிடித்துக்கொள்ளலாம்" என்று செக் செய்தேன். அவரும் செக் செய்துவிட்டு இரண்டு பத்தைத் திருப்பிக் காட்டினார். என் ராஜா ஜோடி மேல், பாட் எனக்கு. சந்தோஷமாக அள்ளிக்கொண்டேன். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது: பாட்டில் பாதி, ஒரு 475 போட்டிருந்தால் அந்தப் பத்து ஜோடி பெரும்பாலும் கால் செய்திருக்கும். ஜெயித்த கை என்பதால் இந்தத் தவறு கண்ணிலேயே படுவதில்லை. பிளைண்டிலிருந்து ஆடுபவர்கள் அதிகம் இழப்பது இப்படித்தான் என்பது என் கணிப்பு.

(கணக்கைச் சிப்ஸில் மட்டுமே சொல்கிறேன். காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது.)

ஃப்ளாப்புக்கு முன்னால் பிக் பிளைண்ட் கடைசியாகப் பேசுவார். அதன் பிறகு நிலைமை தலைகீழ்: பட்டனுக்கு எதிரே எப்போதும் அவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். டர்னில் செக் செய்த பட்டன்காரரிடம் பெரும்பாலும் நடுத்தர ஜோடி இருக்கும், இல்லையென்றால் சேராமல் போன டிரா (இன்னும் ஒரு சீட்டுக்காகக் காத்திருந்த கை) இருக்கும். நடுத்தர ஜோடிக்காரர் ரிவரில் தானாகப் போட மாட்டார், செலவில்லாமல் சீட்டைக் காட்டத்தான் பார்ப்பார். நாம் போட்டால்தான் அவரிடமிருந்து சிப்ஸ் நகரும். டிராக்காரர் பிளஃப் அடிப்பாரே (வெறுங்கையோடு போட்டு மிரட்டுவாரே) என்றால், சிலர் அடிப்பார்கள்தான். டர்னிலேயே விட்டுவிட்டவர் ரிவரில் துணிவார் என்று நம்பி நல்ல ராஜாவை நான் இனி ஒளித்துவைக்க மாட்டேன்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அதே சீட்டுகளில் என்னிடம் ராஜாவுக்குப் பதில் ஒரே ஒரு எட்டு ஜோடி இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 475 போட்டால் ராஜாவும் பத்து ஜோடியும் கால் செய்யும். ஏஸ் மட்டும் வைத்திருப்பவரும் டிரா தவறியவரும் ஓடிவிடுவார்கள், அவர்களை நான் ஏற்கெனவே ஜெயித்திருந்தேன். என்னைவிட மட்டமான எந்தக் கை கால் செய்யும், என்னைவிட நல்ல எந்தக் கை ஃபோல்டு ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் பதில் வராவிட்டால் செக் செய்வதே சரி.

பிளஃப் விஷயத்தில் பலர் சறுக்குவது ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) சேராத இரண்டு ஸ்பேடை வைத்துக்கொண்டுதான். ஜெயிக்க வேறு வழியில்லை என்று போட்டுவிடுகிறார்கள். 950-க்கு 475 போடும் பிளஃப் மூன்றில் ஒரு தடவைக்கு மேல் பலித்தால்தான் லாபம். எதிராளி ஃபோல்டு செய்யும் கைகளில் முக்கியமானது அதே சேராத ஸ்பேட் டிரா. இரண்டு ஸ்பேடு உங்கள் கையில் இருந்தால் அவரிடம் அது இருக்கும் வாய்ப்பு குறைகிறது, ஆக அவர் ஓடுவதும் குறைகிறது. ஸ்பேடு இல்லாத வெற்றுக் கைதான் பிளஃபுக்கு மேல்.

"பிளைண்ட் கட்டியாச்சு, இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்று கால் செய்வதை எத்தனையோ மேஜையில் பார்த்திருக்கிறேன். கட்டிய பிளைண்ட் பாட்டுக்குச் சொந்தம், உங்களுடையது அல்ல. எதிராளி 950-க்கு 950 போட்டால், உங்கள் காலையும் சேர்த்து மொத்தம் 2,850. மூன்றில் ஒரு தடவையாவது உங்கள் கை மேலாக இருக்க வேண்டும். அதுவரை அடக்கமாக ஆடியவர் திடீரென்று முழுப் பாட்டைப் போட்டால் அதில் பிளஃப் அவ்வளவு இருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, பயந்துபோய் 100 போடுவது. பத்து ஜோடி சந்தோஷமாகக் கால் செய்யும், 475 தந்திருக்க வேண்டியவர் 100-உடன் தப்பிப்பார். துணிச்சலானவர் எதிரே இருந்தால் அந்த 100-ஐப் பார்த்ததும் 900-க்கு ஏற்றுவார். அப்போது அதே ராஜா ஒன்பதைப் பிடித்துக்கொண்டு, ஃபோல்டா காலா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.