பழைய காரில் சார்ஜ் ஏறவில்லையா? மல்டிமீட்டரை வைத்துப் படிப்படியாகக் கண்டுபிடியுங்கள்

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிடும். புது பேட்டரி போட்டால் பத்து நாளில் அதுவும் இறங்கிவிடும். அடுத்து, என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு ஏற்றும் ஆல்டர்நேட்டரை மாற்றுவார்கள். கடைசியில் பார்த்தால் என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையில் துரு ஏறியிருக்கும். வயதான கார்களில் சார்ஜிங் கோளாறு பல நேரம் இணைப்புகளில்தான் ஒளிந்திருக்கிறது. அதனால் அளந்து பார்க்கும் முன் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், கம்பி பிரஷ், உப்புத்தாள், ஸ்பேனர்கள், 12 வோல்ட் பல்பு ஒன்று இருந்தால் போதும். மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் முதலில் கழற்றி வையுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் அருகே நெருப்பு கூடாது.

காரில் இருப்பது டைனமோவா, ஆல்டர்நேட்டரா?

இரண்டும் மின்சாரம் தயாரிப்பவைதான். நீளமான உருளையாக இருந்து, தனியே ஒரு ரெகுலேட்டர் பெட்டியும் (வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) இருந்தால் அது டைனமோ. குட்டையாக, பக்கவாட்டில் காற்றுத் துளைகளோடு இருந்தால் ஆல்டர்நேட்டர். பேட்டரியின் எந்த முனை பாடியில் மாட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். ஆல்டர்நேட்டர் உள்ள காரில் பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் அதற்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள் அந்த நொடியே போய்விடும்.

படி 1: பேட்டரி

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கார் ஓடி நின்றதும் அளந்தால் பேட்டரி உள்ளதைவிட நல்ல நிலையில் இருப்பதுபோலக் காட்டும். அதனால் ஹெட்லைட்டை 2 நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளக்கவும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே இருந்தால் வெளி சார்ஜரில் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும்.

படி 2: பெல்ட்

இரண்டு புல்லிகளுக்கு நடுவே, ஆல்டர்நேட்டரையோ டைனமோவையோ சுழற்றும் பெல்ட்டை அதன் நீளமான பகுதியில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் 10 முதல் 13 மில்லிமீட்டர் இறங்கலாம். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல மின்னினால் அது வழுக்குகிறது, மாற்றுங்கள்.

படி 3: சிவப்பு விளக்கு

ஆல்டர்நேட்டர் கார்களில் டாஷ்போர்டில் இருக்கும் இந்தக் குட்டி சார்ஜ் விளக்குக்கு நிஜமான வேலை உண்டு. இதன் வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்நேட்டரை எழுப்பிவிடுகிறது. சாவி போட்டு என்ஜின் ஓடாதபோது விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் ஆல்டர்நேட்டரிலிருந்து அந்த மெல்லிய வயரைக் கழற்றி (நெகட்டிவ் எர்த் காரில்) பாடியில் தொடுங்கள். இப்போது எரிந்தால் வயரும் பல்பும் சரி, கோளாறு ஆல்டர்நேட்டருக்குள்: தேய்ந்த பிரஷ் (சுழலும் பாகத்தைத் தொட்டு மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டு) அல்லது ரெகுலேட்டர். அப்போதும் எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், வயர் இவற்றைப் பாருங்கள். அந்த இடத்தில் எல்இடி பல்பு போட்டால் மின்சாரம் போதாமல் சார்ஜிங்கே தொடங்காமல் போகலாம்.

படி 4: என்ஜின் ஓடும்போது

1,500 முதல் 2,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனைகளில் அளக்கவும். ஆல்டர்நேட்டர் என்றால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வரும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி தண்ணீர் கொதித்து, அழுகிய முட்டை வாடை வரும். டைனமோ கார் ஐடிலிங்கில் சார்ஜ் ஏற்றாது, சிவப்பு விளக்கு லேசாக மினுக்கும். அது அதன் இயல்பு, பழுது அல்ல. ஆல்டர்நேட்டர் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மின்னழுத்தம் எகிறி டயோடும் ரெகுலேட்டரும் கருகும்.

படி 5: வழியில் எவ்வளவு தொலைகிறது?

பலரும் தாண்டிப் போவது இதைத்தான், பெரும்பாலான பழுதுகள் பிடிபடுவதும் இங்கேதான். என்ஜினை அதே வேகத்தில் ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் தடித்த வயர் போல்ட்டிலும், மறுமுனையை பேட்டரி பாசிட்டிவ் ஈயக் கட்டையிலும் (கிளாம்ப் மாட்டும் பேட்டரி முனை) வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்து ஆல்டர்நேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பாருங்கள், 0.2-க்குள் இருக்கட்டும்.

0.9 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 ஆம்பியர் ஓடினால் 18 வாட் சூடு அந்த வழியில் எங்கோ வீணாகிறது, ஒரு சிறிய சால்டரிங் அயர்ன் அளவுக்கு. இடத்தைப் பிடிக்க ஒரு முனையை ஆல்டர்நேட்டர் போல்ட்டிலேயே வைத்து, மறுமுனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்துங்கள்: வளைய டெர்மினல், ஸ்டார்ட்டர் சொலினாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), பேட்டரி கிளாம்ப், ஈயக் கட்டை. எண் எங்கே சட்டென்று எகிறுகிறதோ அங்கேதான் பழுது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் செம்பில் பச்சைப் பொடி பூத்திருக்கும், வயர் உறை பழுப்பேறி விறைத்திருக்கும். என்ஜினை நிறுத்தி, பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு, உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து இறுக்குங்கள். திரும்ப அளக்க மறக்காதீர்கள்.

படி 6: டைனமோவைத் தனியே சோதிக்க

டைனமோவில் டி (மின்சாரம் வெளிவரும் முனை), எஃப் (ஃபீல்டு முனை) வயர்களைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அதற்கும் பாடிக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். வேகத்தை மெதுவாகக் கூட்டினால் வோல்ட் சீராக ஏற வேண்டும். 1,000 ஆர்பிஎம்மே போதும், 20 வோல்ட்டைத் தொட விடாதீர்கள். ஒன்றுமே வராவிட்டால் பிரஷ்களைப் பாருங்கள். அரை முதல் ஒரு வோல்ட் வரை மட்டும் வந்தால் ஃபீல்டு சுற்றிலும் (காந்தப்புலம் உண்டாக்கும் கம்பிச்சுருள்), 5-6 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரிலும் (உள்ளே சுழலும் கம்பிச்சுருள்) சந்தேகம். நன்றாக ஏறினால் டைனமோ நலம், ரெகுலேட்டர் பெட்டியையும் அதற்குப் போகும் வயர்களையும் கவனியுங்கள்.

படி 7: சார்ஜ் ஏறியும் நின்ற இடத்தில் இறங்கினால்

சாவியை எடுத்துவிட்டு, எர்த் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே முதலில் 12 வோல்ட் பல்பை வையுங்கள். நேரடியாக மீட்டரை வைத்தால், கசிவு பெரிதாக இருக்கும்போது அதன் ஃபியூஸ் போய்விடும். பல்பு எரியாவிட்டால் 10 ஆம்பியர் அளவில் மீட்டரை மாட்டலாம். அந்த நிலையில் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கடிகாரம் மட்டும் உள்ள காரில் சில மில்லி ஆம்பியர்தான் காட்ட வேண்டும். கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால், எதில் எண் விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு. டிக்கி விளக்கு சுவிட்ச் அடிக்கடி அகப்படும். டைனமோ காரில் பல்பு பளீரென்று எரிந்தால் கட்-அவுட் (டைனமோ நின்றதும் அதை பேட்டரியிலிருந்து துண்டிக்கும் சுவிட்ச்) காண்டாக்ட்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பேட்டரியே டைனமோவுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும், வயர் தீப்பிடிக்கவும் கூடும். காண்டாக்ட்களைச் சரிசெய்யும்வரை எர்த் கேபிள் கழன்றே இருக்கட்டும்.