இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே நிற்காதீர்கள்

அமெரிக்காவின் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் 'கன்டினியூவஸ் மைனர்' என்னும் வெட்டு இயந்திரத்தைப் பெரும்பாலும் ரிமோட்டில்தான் ஓட்டுகிறார்கள். முட்டுக் கொடுக்காத கூரைக்கு அடியில் ஆள் போகக் கூடாது என்பதற்கு வசதியான ஏற்பாடு. ஆனால் கூரைக்குத் தப்பிய ஓட்டுநர் இயந்திரத்திடம் மாட்டிக்கொண்டார். 1984 முதல் 2014 வரை இவ்வகை இயந்திரங்கள் நசுக்கியும் மோதியும் 35 பேர் இறந்தார்கள்.

வெட்டும்போதுதான் ஆபத்து என்று நினைப்பது பெரிய தவறு. வெட்டி முடித்து வேறிடத்துக்கு நகர்த்தும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். பாதை சுமார் 6 மீட்டர் அகலம், இயந்திரம் 3 மீட்டருக்கு மேல். மிச்சமிருப்பதில்தான் மனிதர் நிற்க வேண்டும். இதற்கு ஸ்டீயரிங் கிடையாது. டாங்கிக்கு இருப்பதுபோல் இரண்டு பக்கமும் உள்ள செயின்கள் வெவ்வேறு வேகத்திலோ எதிரெதிராகவோ சுழன்றுதான் திரும்பும். முன்பக்கம் இடது பக்கம் போனால், வால்பக்கம் வலது சுவரை நோக்கி வீசும். முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது தெரியாது.

அப்புறம் இயந்திரத்துக்கு மின்சாரம் தரும் கேபிள். செயினுக்கு அடியில் சிக்கப் போகிறது, ஓர் எட்டு வைத்து இழுத்துவிடலாம் என்று தோன்றும். ரிமோட்டை மாட்டியபடியே ஓட்டுநர் குனிகிறார். ரிமோட்டின் லீவர் சுவரில் இடிபட்டால் போதும், இயந்திரம் நகர்ந்துவிடலாம். மோட்டாரை அணைத்துவிட்டுப் போக அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம்!

ஆள் நெருங்கினால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் கருவியை 2015 ஜனவரியில் விதியாக்கினார்கள். பழைய இயந்திரங்களுக்கு 2018 மார்ச் வரை அவகாசம். இயந்திரம் காந்தப்புலத்தைப் பரப்பும், ஆள் அணிந்திருக்கும் கருவி அதை உணரும். நல்ல கருவிதான். ஆனால் அதை நம்பி இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே நிற்கக் கூடாது. அணியும் கருவியைத் தூசி அளக்கும் கருவியோடு ஒட்டி மாட்டினால், மின்காந்த இடையூறில் அது ஏமாறலாம். ஷிஃப்ட் தொடங்கும்போது சோதிப்பதும் வெறும் சடங்கில்லை, சட்டமே அதைக் கேட்கிறது.

நிலக்கரி ஏற்றிச் செல்லும் ஷட்டில் காருக்கு அந்த விதி பொருந்தாது. காற்றைத் திருப்பத் தொங்கவிட்ட திரைக்குப் பின்னால் நிற்பவர் ஷட்டில் கார் ஓட்டுநர் கண்ணில் படமாட்டார். அதனால் திரையைத் தாண்டும் முன் ஹாரன் அடிக்க வேண்டும். நடந்து போகிறவரும் தொப்பி விளக்கை ஆட்டிக் காட்டி, வண்டி நின்ற பிறகே குறுக்கே போக வேண்டும்.