முதல் நெடுந்தூர ட்ரையத்லனில் விடக்கூடாத பிழைகள்

போன வைகாசியில் நாங்கள் நாலு பேர் திருகோணமலை உப்புவெளிக் கடலில் விடியப்புறம் இறங்கி 1.9 கிலோமீற்றர் நீந்தினோம். பிறகு புல்மோட்டை வீதியில் 90 கிலோமீற்றர் சைக்கிள் ஓடினோம். கடைசியாக 21.1 கிலோமீற்றர் ஓடி முடித்தோம். அது போட்டி இல்லை. வீட்டு ஆட்களும் ஒரு முச்சக்கர வண்டியும் ஒரு ஐஸ் பெட்டியும்தான் எங்கள் ஏற்பாடு. எனக்கு நீச்சலுக்கு 52 நிமிடம், சைக்கிளுக்கு 3 மணி 38 நிமிடம், ஓட்டத்துக்கு 2 மணி 47 நிமிடம் போனது. இடையில் சப்பாத்து மாற்றிய நேரத்தையும் சேர்த்தால் 7 மணி 25 நிமிடம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லனில் இதை அரைத் தூரம் என்பார்கள். முழுத் தூரம் இதன் இரண்டு மடங்கு: 3.8, 180, 42.2 கிலோமீற்றர்.

அன்றைக்கு விட்ட பிழைகளும் பயிற்சிக் காலத்தில் விட்ட பிழைகளும் இன்னும் பச்சையாக நினைவில் இருக்கின்றன. இந்த விளையாட்டில் ஒரு பிழையை விட்ட இடத்தில் அது தெரியாது. நீச்சலில் விட்டது சைக்கிளில் தெரியும், சைக்கிளில் விட்டது ஓட்டத்தில் தெரியும். அதனால்தான் முதல் தடவை இறங்குகிறவர்களுக்கு எது எங்கே பிழைத்தது என்றே விளங்குவதில்லை.

கடலிலிருந்து தொடங்குகிறேன். உயிரோடு சம்பந்தப்பட்ட பிழை அங்கேதான் இருக்கிறது. வைகாசி, ஆனி மாதங்களில் எங்கள் பக்கம் கச்சான் காற்று தொடங்கிவிடும். அது தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. கரையில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், நுரைகூட இருக்காது. அப்படி ஒரு காலையில் நான் தனியாக இறங்கப் போனபோது, வலை இழுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்ச நிண்டு பாக்கத் தட்டாத்தான் கிடக்கும். உள்ளுக்குப் போனாக் கச்சான் வெளியால கொண்டு போயிடும். திரும்பி வாறதுக்குக் கையில பலம் வேணும்."

நான் நூறு மீற்றர் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தேன். போகும்போது ஒரு சிரமமும் தெரியவில்லை. திரும்பும்போது கரை கிட்டவே வரவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் சின்னச் சின்ன அலை வாய்க்குள் வந்தது. அன்றிலிருந்து கரைக்குச் சமாந்தரமாக, நெஞ்சளவு ஆழத்தை விட்டு அதிகம் விலகாமல்தான் நீந்துகிறேன். இடுப்பில் செம்மஞ்சள் நிற மிதவையைக் கட்டாமல் இறங்குவதில்லை. தனியாக இறங்குவதே இல்லை. மாரி தொடங்கி வாடைக்காற்று வந்துவிட்டால் கடலை மறந்துவிட்டு நீச்சல் தடாகத்துக்குப் போங்கள்.

ஆனால் தடாகத்தில் மட்டும் பழகிவிட்டுக் கடலுக்கு வருவதும் ஒரு பிழைதான். தடாகத்தின் அடியில் கோடு இருக்கும், கடலில் இல்லை. எட்டு, பத்துக் கைவீச்சுக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் முதலையைப் போல நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி, அசையாத ஓர் அடையாளத்தைப் பார்க்க வேண்டும். உப்புவெளியிலிருந்து தெற்கே நீந்தினால் கோணேசர் கோவில் இருக்கிற சுவாமிமலை நல்ல அடையாளம். எங்களில் ஒருவர் நங்கூரமிட்டிருந்த படகை அடையாளமாக வைத்து நீந்தினார். படகு நீரோட்டத்தில் திரும்பியது, அவரும் திரும்பினார். அவர் மற்றவர்களை விட 300 மீற்றர் கூடுதலாக நீந்தியதாக அவருடைய கைக்கடிகாரம் காட்டியது.

நீச்சலில் வேகம் காட்டுவதால் கிடைப்பது மிகக் குறைவு. என் 7 மணி 25 நிமிடத்தில் அது வெறும் 52 நிமிடம். உயிரைக் கொடுத்து நீந்தினாலும் மூன்று நிமிடம்தான் மிஞ்சும். அந்த மூன்று நிமிடத்துக்காக இதயத் துடிப்பை ஏற்றிக்கொண்டு சைக்கிளில் ஏறினால், முதல் அரை மணி நேரம் வயிறு எதையும் ஏற்காது.

சைக்கிளுக்கு வருவோம். உப்புவெளியிலிருந்து வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி என்று போகும்போது கச்சான் இடப்பக்கம் பின்னாலிருந்து தள்ளும். சாலை சமதரை, காலை வெயில் இதமாக இருக்கும். கால்களில் ஏதோ புதுப் பலம் வந்த மாதிரித் தோன்றும். நானும் அதை நம்பினேன். மணிக்கு 28, 29 என்று ஓட்டிக்கொண்டு போனேன். 45 கிலோமீற்றரில் திரும்பியதும் அதே காற்று வலப்பக்கம் முன்னாலிருந்து அடித்தது. வேகம் 21க்கு இறங்கியது. அப்போதும் நான் விட்டுக்கொடுக்காமல் அழுத்தினேன். அதுதான் பெரிய பிழை. வேகமானியைப் பார்க்காதீர்கள், உங்கள் மூச்சைப் பாருங்கள். பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வசனம் பேச முடியவில்லை என்றால் அந்த வேகம் உங்களுடையது அல்ல.

அந்த வீதியில் விடியப்புறம் மாடுகள் படுத்திருக்கும், நாய்கள் துரத்தும். இதையும் மனதில் வையுங்கள். ரியூப் மாற்றுவதை வீட்டில் பத்துத் தடவையாவது பழகிவிட்டுப் போங்கள். போட்டிக்குப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விதி: பெரும்பாலான நெடுந்தூரப் போட்டிகளில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டக்கூடாது, 12 மீற்றர் இடைவெளி வேண்டும். ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளில் கைவைக்க வேண்டும்.

சாப்பாடும் தண்ணீரும்தான் எங்களை ஆக அதிகமாகப் படுத்தியது. 1978இல் ஹவாயின் ஒவாஹு தீவில் நடந்த முதல் அயர்ன்மேன் என்ற முழுத் தூர ட்ரையத்லன் போட்டியில் 15 பேர் தொடங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். சைக்கிள் முடிந்தபோது முன்னணியில் இருந்தவர் ஜோன் டன்பார். ஓட்டத்தின் நடுவில் அவருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், பியரைக் கொடுத்தார்கள். கோர்டன் ஹாலர் அவரை முந்தி 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் வென்றார். பலம் இருந்தும் போத்தலில் தோற்றவர் டன்பார்.

எங்களுக்கு நடந்தது அதற்கு நேர்மாறு. எங்கள் மச்சான் ஒருவருக்கு வெயில் என்றால் பயம். கண்ட இடமெல்லாம் நிறுத்தி வெறும் தண்ணீராகக் குடித்தார். ஓட்டத்தில் 12ஆவது கிலோமீற்றரில் என் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். விரல்கள் வீங்கி, கல்யாண மோதிரம் சதைக்குள் பதிந்து கிடந்தது, முஷ்டியை மடக்க முடியவில்லை. தலை இடிக்கிறது, வயிறு குமட்டுகிறது என்றார். நான் அதை வெயில் களைப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீரை நீட்டினேன். நல்ல காலம், முச்சக்கர வண்டியில் தாதியான அவருடைய மனைவி இருந்தார். தண்ணீரைப் பறித்துவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்க, வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் மீதி உப்பும் ஐதாகிவிடும். முற்றினால் வலிப்பு வரும், உயிரும் போகும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். நிறை கூடியிருந்தால் நீங்கள் குடித்தது அதிகம். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

சரி, உப்புக்கு ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்பு, குளுக்கோஸ் தூள்) கரைத்துக் குடிக்கலாமே என்பீர்கள். குடிக்கலாம், நானும் குடித்தேன். ஆனால் அதையே சாப்பாடாக நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி ஒரு லீற்றரில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் இருக்கும். சைக்கிளில் உங்களுக்கு மணிக்கு 60 கிராம் மாச்சத்தாவது வேண்டும். பழகிய வயிறு 90 வரை தாங்கும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம்தான் கிடைக்கும். எனக்குப் பேரீச்சம்பழமும் உப்புப் போட்ட சோற்று உருண்டையும் சரிவந்தன. எது சரிவரும் என்பதைப் பயிற்சியில்தான் கண்டுபிடிக்க வேண்டும். புதுச் சப்பாத்துக்கும் இதே கதைதான்.

எங்கள் ஊரில் ஓட்டம் எப்படியும் பத்து மணிக்குப் பிறகுதான் தொடங்கும். ஆனால் பயிற்சியில் எல்லோரும் காலை ஐந்து மணிக்கே ஓடி முடித்துவிடுகிறோம். உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். அந்த நாட்களில் கொஞ்சத் தூரத்தையாவது வெயிலில் மெதுவாக ஓடிப் பாருங்கள். கச்சானில் வியர்வை உடனே காய்ந்துவிடும், சட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்த பிறகுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். பேச்சுக் குழறினாலோ, வெயிலில் குளிர் நடுங்கினாலோ அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஐஸ் தண்ணீரால் உடலைக் குளிரவைத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சைக்கிளால் இறங்கின கையோடு ஓடுவதையும் வாரம் ஒரு முறை பழக வேண்டும். முதல் இரண்டு கிலோமீற்றர் கால்கள் மரக்கட்டையாக இருக்கும். அது வழமை என்று முன்கூட்டியே தெரிந்தவர் பதற மாட்டார். கடைசி இரண்டு வாரம் பயிற்சியைக் குறையுங்கள். விட்டதை எல்லாம் அந்த நாட்களில் பிடிக்கப் போனால் களைப்போடுதான் தொடங்குவீர்கள்.

ஓடி முடித்ததும் சடாரென்று நிற்காதீர்கள், பத்து நிமிடமாவது நடங்கள். கால்களில் தேங்கிய இரத்தம் மேலே வராமல் மயக்கம் போடும். அதே காரணத்துக்காக உடனே கடலிலும் இறங்காதீர்கள். எனக்கும் இறங்க ஆசையாகத்தான் இருந்தது. மதியம் ஒன்றேகாலுக்கு உப்புவெளிக் கரைத் தண்ணீர் கஞ்சி மாதிரிச் சுட்டது. ஐஸ் பெட்டியில் மிஞ்சியதை மூன்று பேரும் தலையில் ஊற்றிக்கொண்டு, மச்சானைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம்.