கொல்கத்தாவில் சனி, ஞாயிறு, திங்கள்: முதல்முறை போகிறவர்களுக்கு ஊர் சுற்றும் செய்முறை

கொல்கத்தா வரைபடத்தைத் திறந்து, பார்க்க வேண்டிய இடங்களில் எல்லாம் புள்ளி வைத்தால் முதலில் தலைதான் சுற்றும். புள்ளிகளை விட்டுவிட்டு ஊரின் அமைப்பை மட்டும் பாருங்கள். மேற்கே ஹூக்ளி ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. அதன் கிழக்குக் கரையை ஒட்டி ஊரும் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. ஊருக்கு நடுவே, அதே போக்கில், நீல வழி மெட்ரோ. வெளியூர்க்காரர் பார்க்க விரும்பும் இடங்களில் பெரும்பாலானவை இந்த மெட்ரோவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு நாளில் வடக்கு, இன்னொரு நாளில் நடு, பிறகு தெற்கு என்று இந்தக் கோட்டிலேயே நகர்ந்தால் மூன்று நாள் தாராளம். காலையில் வடக்கு, மதியம் தெற்கு, மாலையில் திரும்ப வடக்கு என்று அலைந்தால் பாதி நாள் டாக்சியிலேயே போய்விடும்.

படி 1: கிழமையைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

நீண்ட வார இறுதியில் கிளம்புகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். இந்திய அருங்காட்சியகம், விக்டோரியா நினைவகத்தின் காட்சிக்கூடங்கள், ஜொராசாங்கோவில் உள்ள தாகூர் வீடு ஆகிய மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. கல்லூரித் தெருவின் புத்தகக் கடைகள் ஞாயிற்றுக்கிழமை மூடிக்கிடக்கும். கோயில்களுக்கு விடுமுறை இல்லை, ஆனால் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே சனிக்கிழமை புத்தகத் தெரு, ஞாயிறு அருங்காட்சியகமும் விக்டோரியாவும், திங்கள் காலை தட்சிணேஸ்வரம் காளி கோயிலும் ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர் மடமும். இந்த வரிசையை மாற்றினால் ஏதோ ஒன்று கையை விட்டுப் போகும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று வெளிச்சம். கடிகாரம் நாடு முழுக்க ஒன்றுதான், சூரியன் அப்படி இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் கொல்கத்தாவில் மாலை 4.50 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் முந்தியது இது. "ஐந்தரைக்கு ஆற்றங்கரையில் அஸ்தமனம் பார்க்கலாம்" என்று போனால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். எந்த மாதம் போனாலும் உங்கள் வழக்கமான நாளை ஒரு மணி நேரம் முன்னுக்கு இழுத்துவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடப்பதற்கு இதமான காலம். மழைக்காலத்தில் சென்ட்ரல் அவென்யூ, கல்லூரித் தெருப் பக்கம் ஒரு நல்ல மழைக்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்.

படி 2: தங்கும் இடம்

நீல வழியில் சென்ட்ரல் நிலையத்துக்கும் காலிகாட் நிலையத்துக்கும் இடையே ஏதாவது ஒரு நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் அறை எடுங்கள். விமான நிலையத்துக்குப் பக்கம், சால்ட் லேக் பக்கம் வாடகை மலிவாகத் தெரியலாம். மிச்சமாகும் பணம் போகவர டாக்சிக்கே சரியாகிவிடும். எஸ்பிளனேட், பார்க் ஸ்ட்ரீட் சுற்றுவட்டம் எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது. வயதானவர்களோடு போகிறீர்கள், வேளாவேளைக்கு இட்லியும் காபியும் வேண்டும் என்றால் காலிகாட் நிலையத்தில் இறங்கி லேக் மார்க்கெட் பக்கம் தேடுங்கள். தமிழர்களும் மற்ற தென்னிந்தியர்களும் பல தலைமுறையாகக் குடியிருக்கும் பகுதி அது. சந்தையில் கறிவேப்பிலையும் வாழை இலையும் கிடைக்கும், ஃபில்டர் காபியும் கிடைக்கும்.

படி 3: வந்து இறங்குதல்

டிக்கெட்டில் எந்த நிலையம் என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஹவுரா, ஷாலிமார், சாந்த்ராகாச்சி மூன்றும் வேறு வேறு நிலையங்கள். மூன்றுமே ஆற்றுக்கு மேற்குக் கரையில் இருக்கின்றன, ஊரோ கிழக்குக் கரையில். மெட்ரோ இருப்பது ஹவுராவில் மட்டும்தான்.

ஹவுராவில் இறங்கினால் மெட்ரோ பலகையைப் பின்பற்றி நேராகப் பச்சை வழிக்குப் போங்கள். நிலையம் தரைக்கு 30 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. நகரும் படிகளில் இறங்கி நடைமேடையை அடையவே பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பெட்டி இருந்தால் லிஃப்டைத் தேடுங்கள். ஹவுராவுக்கு அடுத்த நிலையம் மகாகரண், அதற்கடுத்தது எஸ்பிளனேட். நடுவில் வண்டி ஆற்றின் அடியில் சுமார் 520 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். 2024 மார்ச்சில் இந்தச் சுரங்கம் திறப்பதற்கு முன்பு, இதே தூரத்துக்கு ஹவுரா பாலத்து நெரிசலில் எவ்வளவு நேரம் நிற்போம் என்று யாராலும் சொல்ல முடியாது.

விமானத்தில் வருகிறவர்களுக்கு இப்போது மஞ்சள் வழி இருக்கிறது. ஜெய் ஹிந்த் விமான் பந்தர் நிலையத்தில் ஏறி, நோவாபாராவில் நீல வழிக்கு மாறுங்கள்.

படி 4: மெட்ரோவைக் கையாளுதல்

இந்தியாவின் முதல் மெட்ரோ இதுதான், 1984 அக்டோபர் 24-இல் எஸ்பிளனேடிலிருந்து ஓடத் தொடங்கியது. குறைந்த கட்டணம் 5 ரூபாய். மூன்று நாள் தங்குவதாக இருந்தால் முதல் நாளே ஸ்மார்ட் கார்டு வாங்கிவிடுங்கள். அலுவலக நேரத்தில் டோக்கன் வரிசையில் நிற்பது ரயிலில் போகும் நேரத்தைவிட நீளும்.

டோக்கன் வாங்கும்போது நீலமா பச்சையா என்று குழம்ப வேண்டாம், இறங்கும் நிலையத்தின் பெயரைச் சொன்னால் போதும். நீலமும் பச்சையும் சந்திப்பது எஸ்பிளனேடில். நடைமேடையில் வண்டியின் கடைசி நிலையம் எது என்று பார்த்து ஏறுங்கள். தட்சிணேஸ்வர் என்றிருந்தால் வடக்கே போகிறது. வார நாள்களில் காலை 9 முதல் 11 வரையும், மாலை ஐந்தரைக்கு மேலும் நீல வழியில் கால் வைக்க இடமிருக்காது. பெட்டியோடு அந்த நேரத்தில் ஏற வேண்டாம். ஞாயிறன்று முதல் வண்டி தாமதமாகத்தான் வரும், விடிகாலைத் திட்டத்துக்கு அதை நம்பாதீர்கள்.

படி 5: ஆட்டோவும் பஸ்ஸும்

தமிழ்நாட்டுப் பழக்கத்தில் ஆட்டோவைக் கைகாட்டி, போகுமிடம் சொல்லி, பேரம் பேசத் தொடங்கினால் டிரைவர் விழிப்பார். இங்கே ஆட்டோ என்பது நம்மூர் ஷேர் ஆட்டோதான். ஒவ்வொன்றுக்கும் நிலையான வழித்தடம் உண்டு. பின்னால் மூவர், முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒருவர். ராஷ்பிகாரி சந்திப்பிலிருந்து கரியாஹாட் போகும் ஆட்டோ அந்த ஒரே சாலையில்தான் போய் வரும். லேக் மார்க்கெட்டோ தேசப்ரிய பார்க்கோ நடுவில் எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம், சந்துக்குள் மட்டும் திருப்ப மாட்டார். டிரைவர் "ரிசர்வ்?" என்று கேட்டால் நான்கு பேர் காசையும் நீங்களே தருகிறீர்களா என்று பொருள். வேண்டாம் என்றால் தலையாட்டிவிட்டு மற்றவர்கள் சேரும்வரை உட்காருங்கள். 10, 20 ரூபாய்த் தாள்களைத் தனியாக வைத்திருங்கள். 500 ரூபாயை நீட்டினால் "குச்ரோ நேய்" என்பார், சில்லறை இல்லை என்று அர்த்தம்.

பஸ்ஸில் ஏறத் தயங்க வேண்டாம், ஆனால் எண்ணைப் படிப்பதில் ஒரு பெரிய வழுக்கல் இருக்கிறது. சில பஸ்களில் தட எண் வங்காள இலக்கத்தில் எழுதியிருக்கும். வங்காள நான்கு நாம் எழுதும் 8 போலவே இருக்கும், வங்காள ஏழு 9 போல இருக்கும். 89 என்று நீங்கள் படித்தது 47 ஆகவும் இருக்கலாம். பலகையின் மற்ற எழுத்துகளைப் பாருங்கள். அவையும் வங்காளத்தில் இருந்தால் எண்ணை நம்பாமல் கண்டக்டரிடம் இடத்தின் பெயரைக் கேளுங்கள். அவர் வாசலில் தொங்கியபடி ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டே வருவார். ரூபாய்த் தாள்களை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியிருப்பார். இறங்குவதற்கு ஒரு நிறுத்தம் முன்பே வாசலுக்கு நகர்ந்து "நாம்போ" என்று சொல்லுங்கள், இறங்கணும் என்று பொருள். ஆண்கள் இறங்கும்போது பல பஸ்கள் முழுதாக நிற்பதில்லை, வேகத்தைக் குறைப்பதோடு சரி. "ஆஸ்தே (மெதுவாக), லேடீஸ்!" என்று கண்டக்டர் குரல் கொடுத்தால்தான் டிரைவர் நன்றாக நிறுத்துவார். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே கண்டக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

வழி கேட்க இன்னும் நான்கு சொற்கள் போதும்: கொத்தாய் (எங்கே), ஷோஜா (நேராக), டான் திகே (வலப்பக்கம்), பா திகே (இடப்பக்கம்). ஆண்களை தாதா, பெண்களை திதி என்று அழையுங்கள்.

டாக்சி வேண்டுமென்றால் மாநில அரசின் யாத்ரி சாத்தி செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் அம்பாசிடரும் அதில் வரும். இங்கே பல ஒருவழிச் சாலைகள் பிற்பகலில் திசை மாறும். காலையில் உங்களை விடுதி வாசலில் இறக்கிய அதே டாக்சி மாலையில் தெருமுனையில் நிறுத்தி நடக்கச் சொன்னால் அவர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

படி 6: மூன்று நாளும்

சனிக்கிழமை மதியம், மகாத்மா காந்தி ரோடு நிலையத்தில் இறங்கிக் கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் கல்லூரித் தெரு. நடைபாதையில் கூரை உயரத்துக்குப் புத்தகம் அடுக்கிய தகரப் பெட்டிக் கடைகள். கைக்கு எட்டியதை உருவாதீர்கள், அடுக்கு சரியும். புத்தகப் பெயரைச் சொன்னால் கடைக்காரரே எடுத்துத் தருவார். அங்கேயே மாடியில் காபி ஹவுஸ். காபி சுமார்தான், அந்த உயரமான கூடத்துக்காகவும் மேசைக்கு மேசை நடக்கும் வாதங்களுக்காகவும் போய் உட்காருங்கள்.

ஞாயிறு விடியலில் மல்லிக் காட் பூச்சந்தை. ஹவுரா பாலத்தின் கொல்கத்தா முனையில், தென்புறப் படிகளில் இறங்கினால் சந்தைக்குள் நிற்பீர்கள். ஆறிலிருந்து எட்டு மணிக்குள் போய்விடுங்கள். நம் சந்தைகளில் பூவைக் கூடையிலும் முழத்திலும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு உலகம். செண்டுமல்லி மாலைகளை ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கப்பல் கயிறுபோலத் திரித்து, தோளிலும் தலையிலும் ஒரு ஆள் கனத்துக்குச் சுமந்து வருவார்கள். தரை முழுக்க அழுகிய இதழும் சேறும். பிடிப்புள்ள செருப்பு போடுங்கள். நடுவழியில் நின்று படம் எடுக்காதீர்கள், சுமையோடு வருகிறவரால் சட்டென்று நிற்க முடியாது. வெளியே வந்து தலையை உயர்த்தினால் 1943-இல் திறந்த பாலம். நட்டும் போல்ட்டும் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்துக் கட்டியது.

பாலத்தை நடந்தே கடந்து ஹவுரா படித்துறைக்கு வந்து, வடக்கே பாக்பஜார் பக்கம் போகும் படகைக் கேட்டு ஏறுங்கள். ஒரே துறையிலிருந்து பல இடங்களுக்குப் படகு கிளம்பும், டிக்கெட் வாங்கும்போதே துறையின் பெயரைச் சொல்லுங்கள். ஹூக்ளியில் கடல் ஓதம் ஏறி இறங்கும். நீர் வற்றிய நேரத்தில் மிதவைக்கு இறங்கும் பாலம் செங்குத்தாகச் சாய்ந்துவிடும், கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள்.

அங்கிருந்து குமார்துலி நடை தூரம். சிலை செய்யும் குயவர்களின் தெரு. வைக்கோலைக் கட்டி உருவம் செய்து, உமி கலந்த களிமண்ணை முதலில் அப்பி, காய்ந்து வெடித்த பிறகு மென்மையான மண் பூசுவார்கள். கண் எழுதுவது கடைசியில். ஆகஸ்ட், செப்டம்பரில் துர்கா சிலைகளால் சந்து நிறைந்திருக்கும். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், ஈர மண்ணைத் தொடாதீர்கள். ஆற்றங்கரையை ஒட்டி ரயில் பாதை போகிறது, இருபுறமும் பார்த்துக் கடக்கவும். திரும்ப சோவாபஜார் சுதானுதி நிலையம்.

அருங்காட்சியகம் காலை 10 மணிக்குத்தான் திறக்கும். 1814-இல் தொடங்கியது, ஒரு நாளில் முடியாது. பார்ஹுத் என்ற பழைய பௌத்தத் தூபியின் கல் வேலி இருக்கும் கூடத்தை முதலில் பாருங்கள், எகிப்து மம்மியைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும். பிற்பகல் விக்டோரியா நினைவகம்.

திங்கள் காலை நீல வழியின் வட கோடி, தட்சிணேஸ்வர். நிலையத்திலிருந்து கோயிலுக்கு மேல்நடைபாதை இருக்கிறது. கைபேசியையும் பையையும் உள்ளே விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டு வந்தால் ஒரு வரிசை மிச்சம். ராணி ராஷ்மணி கட்டி 1855-இல் குடமுழுக்கு கண்ட கோயில். தரிசனம் முடிந்ததும் பின்னால் உள்ள துறையில் பேலூர் மடத்துக்குப் படகு பிடியுங்கள். பதினொன்றுக்குள் அங்கே சேர வேண்டும். தாமதித்தால் மதிய அடைப்பில் மாட்டிக்கொண்டு பிற்பகல் வரை வெளியே காத்திருக்க நேரும்.

சாப்பாடு பற்றி ஒரு எச்சரிக்கை

காலைக்கு கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும், மாலைக்கு மண் கோப்பையில் டீ. சைவர்கள் "நிராமிஷ்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இங்கே பருப்பிலும் முட்டைக்கோஸிலும் மீன் தலை போட்டுச் சமைக்கும் வழக்கம் உண்டு, பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

திரும்பும் நாள்

ஹவுராவிலிருந்து ரயில் என்றால் வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு எஸ்பிளனேடில் இருங்கள், பச்சை வழியில் போய்விடலாம். ஷாலிமார் என்றால் டாக்சிதான், இரண்டரை மணி நேரம் முன்பே அறையைக் காலி செய்யுங்கள். ஆற்றின் மேல் உள்ள இன்னொரு பாலமான வித்யாசாகர் சேது வழியாகப் போகச் சொல்லுங்கள், ஹவுரா பாலத்துப் பக்கம் வேண்டாம்.